மூடுபனிக் காலத்து வரவேற்பு மேசை: ஏற்காட்டு விடுதிகளில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு

ஐப்பசியில் தொடங்கித் தை முடியும்வரை ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு வருகிறவர்களில் பலர் மூடுபனியைப் பார்ப்பதற்காகவே வருகிறார்கள். விடுதிகளின் விளம்பரப் படங்களிலும் அந்தப் பனிதான் இருக்கிறது. அதே பனிதான் 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் எதிரே வருகிற பேருந்தை மறைக்கிறது. அதனோடு சேர்ந்து வருகிற வடகிழக்குப் பருவமழைதான் மண்ணைச் சரித்துப் பாதையை அடைக்கிறது. நாம் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிற பொருளே ஆபத்தாகவும் இருக்கிற இந்த வேலையில், வரவேற்பு மேசையில் முதன்முறையாக உட்காரப் போகிறவர் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைச் சில மழைக்காலங்களை அந்த மேசையிலேயே கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கேட்டரிங் கல்லூரியில் வணக்கம் சொல்லவும், சாவி கொடுக்கவும், கணக்கு முடிக்கவும் கற்றுக்கொடுத்திருப்பார்கள். பாதை அடைபட்ட இரவில் முப்பது பேருக்குப் பதில் சொல்வது பாடத்திட்டத்தில் இருப்பதில்லை.

சேர்ந்த முதல் வாரத்தில்

முதலில் பாதையைக் கற்றுக்கொள்ளுங்கள். விடுமுறை நாளன்று பகல் நேரத்தில் பேருந்தின் முன் இருக்கையில் அமர்ந்து அடிவாரம்வரை ஒருமுறை இறங்கி, மறுபடி ஏறி வாருங்கள். எந்த வளைவில் கைபேசிக்குச் சமிக்ஞை கிடைப்பதில்லை, எங்கே மழைநீர் பாறையின் மேலிருந்து சாலையில் கொட்டுகிறது, எங்கே வண்டியை ஓரங்கட்ட இடமிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வழி தெரியாமல் தவிக்கிற விருந்தினர் தொலைபேசியில் அழைத்து, “எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை, ஒரே வெள்ளையாக இருக்கிறது” என்று சொல்லும்போது, “கடைசியாக எத்தனையாவது வளைவின் பலகையைப் பார்த்தீங்க, சார்?” என்று நீங்கள் கேட்க வேண்டும். அந்த ஒரு எண் கிடைத்துவிட்டால் ஆளை அனுப்பவோ காவல் நிலையத்துக்குச் சொல்லவோ முடியும். பிரதான பாதை அடைபட்டால் பயன்படுகிற குப்பனூர்ப் பாதையிலும் இதே போல ஒருமுறை போய் வருவது நல்லது.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பயணத்துக்குள் 1,200 மீட்டர் ஏறுகிறோம். ஆகவே சேலத்தில் வெயில் அடிக்கிறது என்பது ஏற்காட்டைப் பற்றி எதையுமே சொல்வதில்லை. புதிய பேருந்து நிலையத்திலிருந்து வெயிலில் நின்றபடி பேசுகிற விருந்தினர், மேலே அடைமழை என்று நீங்கள் சொல்வதை நம்பமாட்டார். அறையைக் கூடுதல் விலைக்கு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுச் சாக்குச் சொல்கிறீர்கள் என்றுகூட நினைப்பார். கோபப்படாமல், ஜன்னலுக்கு வெளியே கைபேசியை நீட்டி ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். பத்து நிமிட வாக்குவாதம் மிச்சமாகும்.

அடுத்தது ஒரு தாள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 ஆகிய எண்களையும், ஏற்காடு காவல் நிலையம், அரசு மருத்துவமனை ஆகியவற்றின் எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்குப் பின்னால் ஒட்டுங்கள். அவற்றோடு காலையில் சேலத்திலிருந்து பால் கொண்டுவருகிற வண்டியின் ஓட்டுநர், உள்ளூர் டாக்சி ஓட்டுநர்கள் இருவர், அடிவாரத்தில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் ஆகியோரின் எண்களும் இருக்க வேண்டும். கைபேசியிலேயே எல்லாம் இருக்கிறதே என்று தோன்றும். மின்சாரம் போய் எட்டு மணி நேரமான பிறகு கைபேசி வெறும் கண்ணாடிச் சில்லுதான்.

மேசை அலமாரியில் டார்ச் விளக்குகள், மாற்று பேட்டரிகள், மழைக்கோட்டு, சில்லறைப் பணம், காகிதப் பதிவேடு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கூடுதல் கம்பளிகள் எத்தனை இருக்கின்றன, எந்த அறையில் இருக்கின்றன என்பதை ஹவுஸ்கீப்பிங் பொறுப்பாளரிடம் கேட்டு எண்ணிக்கொள்ளுங்கள். மார்கழி இரவில் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகும்போது, சென்னையிலிருந்து அரைக்கைச் சட்டையோடு வந்த ஒரு பேருந்துக் கூட்டமே கம்பளி கேட்டு நிற்கும்.

காலை ஆறு மணிக்குச் செய்ய வேண்டியவை

பணிக்கு வந்தவுடன் முந்தைய ஷிப்டின் லாக் புக்கைப் படித்துவிட்டு, வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அதில் வருகிற சொற்களுக்குத் திட்டமான அளவுகள் உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, 21 செ.மீ. அல்லது அதற்கு மேல் அதிகனமழை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் விழிப்போடு இருந்தால் போதும். ஆரஞ்சு என்றால் அன்று வரவிருக்கிற எல்லா விருந்தினர்களையும் நீங்களாகவே அழைத்துப் பேச வேண்டும். சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிவைக்கும்படி நீங்களே சொல்ல வேண்டும், அதற்கு மேலாளரின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

புதியவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. தொலைக்காட்சியில் “புயல் கரையைக் கடந்தது” என்று சொன்னவுடன் ஆபத்து முடிந்துவிட்டதாக நினைத்துவிடுவார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. உள்மாவட்டங்களுக்கு உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. வலுவிழந்து மெல்ல நகர்ந்த அந்தப் புயலின் மிச்சம், டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது, சேர்வராயன் மலையிலும் விடாமல் பெய்து, மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எனவே கடற்கரையில் செய்தி ஓய்ந்த பிறகும் மலையில் இரண்டு நாள் காத்திருப்பதே முறை. மழை நின்ற மறுநாள் வெயில் வந்தாலும் சரிவு நிகழலாம். மலைச்சரிவை வெட்டிப் போட்ட பாதையில், மண்ணுக்குள் இறங்கிய நீர் வெளியேற வழியின்றி உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். மேகம் கலைந்ததும் அந்த அழுத்தம் குறைந்துவிடுவதில்லை.

அறிவிப்பைப் பார்த்த பிறகு, பாதையில் அப்போதுதான் வந்த ஒருவரிடம் கேளுங்கள். பால் வண்டி ஓட்டுநரே முதல் சாட்சி. அவர் சொன்னதை நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். பாதையைப் பற்றிய செய்திக்கு ஒரு மணி நேரமே ஆயுள் என்று வைத்துக்கொள்வது நல்லது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கார்த்திகையில், காலை ஏழு மணிக்குக் கேட்ட செய்தியை நம்பிப் பதினொரு மணிக்கு ஒரு குடும்பத்திடம் “பாதை நன்றாக இருக்கிறது, தாராளமாக இறங்கலாம்” என்று சொன்னேன். இடையில் ஒரு மரம் விழுந்திருந்தது. கைக்குழந்தையோடு அவர்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் பாதி வழியில் நின்றார்கள். பால் பாட்டிலுக்கு வெந்நீர் கேட்டு எனக்கே அழைத்தார்கள். அன்றைக்குப் பிறகு, “காலை ஏழு மணி நிலவரப்படி பாதை திறந்திருந்தது, இப்போது ஒருமுறை கேட்டுச் சொல்கிறேன், ஐந்து நிமிடம் உட்காருங்க” என்பதைத் தவிர வேறு வாக்கியத்தை நான் சொன்னதில்லை.

தொலைபேசியில் பேசும் முறை

வரப்போகிற விருந்தினரிடம் நான்கு செய்திகளைக் கேட்டு அறிய வேண்டும்: எந்த வண்டியில் வருகிறார்கள், ஓட்டுகிறவர் மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவரா, அடிவாரத்தை எத்தனை மணிக்கு அடைவார்கள், உடன் வயதானவர்களோ குழந்தைகளோ இருக்கிறார்களா. இந்த நான்கும் தெரிந்தால் மற்றதை நீங்களே தீர்மானித்துச் சொல்லலாம். பனிக்காலத்தில் மாலை நான்கு மணிக்குள் அடிவாரத்தைத் தாண்டிவிடும்படி நான் எல்லோரிடமும் சொல்வேன். இருட்டும் பனியும் ஒன்றாக இறங்குகிற நேரத்தில் பாதையில் இருப்பது பழகிய ஓட்டுநருக்கே கடினம். தாமதமாகிவிட்டவர்களிடம், இரவு சேலத்திலேயே தங்கிவிட்டுக் காலையில் ஏறும்படி சொல்லத் தயங்காதீர்கள். ஒரு இரவு வாடகை போகிறதே என்று முதலாளி முகம் சுளிக்கலாம். அந்த உரையாடலை மழைக்காலம் தொடங்கும் முன்பே அவரோடு முடித்துவிட வேண்டும்.

ஓட்டும் முறையைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பிக் கண்ணையே கூச வைக்கும், ஆகவே லோ பீமில் வர வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினார்களோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேராக வருகிற இளைஞர்களிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள், ஏனெனில் அந்த வண்டியில் எஞ்சினின் தடுப்பு மிகக் குறைவு, எல்லாப் பாரமும் பிரேக்கின் மீதே விழும். பாறையிலிருந்து செந்நிற நீர் வழிகிற இடத்திலும், சிறு கற்கள் உருண்டு கிடக்கிற இடத்திலும் படம் எடுக்க வண்டியை நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைபேசி வரைபடம் குறுக்கு வழி என்று காட்டுகிற தோட்டத்துச் சாலைகளில் நுழையாமல், பேருந்து வருகிற பாதையிலேயே வரச் சொல்லுங்கள்.

வர இயலாதவர்கள் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். உங்களுக்கு அதிகாரம் இல்லாத ஒன்றை ஒருபோதும் வாக்களிக்காதீர்கள். “தேதியை மாற்றித் தர எனக்கு அனுமதி இருக்கிறது, பணத்தைத் திருப்புவது மேலாளர் முடிவு, மாலை ஐந்து மணிக்குள் அவரிடம் கேட்டு நானே அழைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, ஐந்து மணிக்கு உண்மையாகவே அழையுங்கள். பதில் “முடியாது” என்பதாக இருந்தாலும் அழையுங்கள்.

வந்து சேர்ந்த பிறகு

சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டியவை சில உண்டு. மழை நாளில் கிளியூர் அருவிப் பக்கம் போக வேண்டாம். படிகளும் பாறைகளும் வழுக்கும், மேலே பெய்கிற மழை அருவியில் எப்போது பெருகும் என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. பனி மூடிய அதிகாலையிலும் இரவிலும் தனியாக நடக்கப் போக வேண்டாம். காட்டெருமை சாலையில் நின்றால் மிக அருகில் போகும்வரை தெரியாது. அட்டைக் கடியைப் பற்றிக் கேட்டால் சிரித்துவிட்டு உப்புப் பொட்டலம் கொடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கரி. குளிர் தாங்காத விருந்தினர்கள் கரி அடுப்பை அறைக்குள் கேட்பார்கள். அல்லது முற்றத்தில் பார்பிக்யூ முடிந்த பிறகு, கங்கு இருக்கும் அடுப்பைத் தாங்களே தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். புகை நின்றுவிட்டதால் ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் இதில் உள்ள கொடுமை. எரிந்து முடியாத கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஈர்ப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுவதில்லை. ஆகவே கரி அடுப்பு எந்தக் காரணத்துக்காகவும் அறைக்குள் போகக் கூடாது. அடுப்பை வாடகைக்கு விடுகிற விடுதியானால், இரவு பத்து மணிக்கு ரூம் பாய் நேரில் போய்த் திரும்ப வாங்கி, தண்ணீர் ஊற்றி அணைத்ததை லாக் புக்கில் எழுத வேண்டும். மறுப்பதைக் கடுமையாகச் சொல்லத் தேவையில்லை. “அடுப்பு தர முடியாதுங்க அம்மா, அறைக்குள் உயிருக்கே ஆபத்து, இன்னும் இரண்டு கம்பளியும் வெந்நீர்ப் பையும் உடனே அனுப்புகிறேன்” என்று மாற்றுப்பொருளோடு சேர்த்து மறுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காதவர்களிடம் கோபத்தைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. குளியலறைக்குள் எரிவாயு கீசர் இருக்கிற பழைய விடுதிகளில் காற்றுப் போக்கி திறந்திருக்கிறதா என்றும், ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்த அறையின் ஜன்னலை நோக்கியும் இல்லையா என்றும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். ஒரே அறையில் ஒருவருக்கு மேல் தலைவலி என்றால் மாத்திரை தேடாமல், கதவு ஜன்னல்களைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

பாதை அடைபட்ட நாள்

பாதையை மூடுவதும் திறப்பதும் மாவட்ட நிர்வாகம், காவல்துறை, நெடுஞ்சாலைத்துறை ஆகியோரின் முடிவு. மேசையில் இருப்பவர் அந்த முடிவைச் சொல்லலாம், அதைத் திருத்திச் சொல்லக் கூடாது. “போலீஸ் அப்படித்தான் சொல்வார்கள், மெதுவாகப் போனால் விட்டுவிடுவார்கள்” என்று எந்தச் சக ஊழியராவது பேசினால் அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள்.

செய்தி உறுதியானவுடன் விருந்தினர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே அறை அறையாகப் போய்ச் சொல்லுங்கள். அறிந்ததும் பத்து நிமிடத்துக்குள் சொல்லப்பட்ட கெட்ட செய்தியை மக்கள் தாங்கிக்கொள்வதையும், இரண்டு மணி நேரம் மறைத்துச் சொல்லப்பட்டதற்கு மேசையைக் குத்துவதையும் நான் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். சொல்லும்போது வரிசை முக்கியம்: என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, அடுத்த தகவலை எத்தனை மணிக்குச் சொல்வீர்கள், அதுவரை சாப்பாடும் அறையும் என்ன ஆகும். எப்போது திறப்பார்கள் என்று கேட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள். “தெரியவில்லை, சார், இரண்டு மணிக்குக் கேட்டுவிட்டு உங்கள் அறைக்கே வந்து சொல்கிறேன்” என்பது போதும், இரண்டு மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும் போக வேண்டும்.

பிறகு கூடுதல் இரவின் வாடகை. அறையைக் காலி செய்ய வேண்டியவர்கள் போக முடியாமல் தங்குகிறார்கள், புதிதாக வர வேண்டியவர்கள் அடிவாரத்தில் நிற்கிறார்கள். ஆகவே அறைகள் இருக்கும். அன்றைக்கு முழு வாடகை வாங்குவதா, பாதி வாங்குவதா என்பதை மேலாளரிடம் கேட்டு, எல்லோருக்கும் ஒரே தொகையாகச் சொல்லுங்கள். சத்தம் போட்டவருக்கு ஒரு விலை, அமைதியாக இருந்தவருக்கு ஒரு விலை என்றால் மாலைக்குள் அது தெரிந்துவிடும். சிக்கியவர்களிடம் இரட்டை விலை கேட்கிற விடுதியில் வேலை பார்க்கிறீர்கள் என்றால், வேறு விடுதி பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

பதிவேட்டைத் திறந்து முதியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், மூச்சிரைப்பு உள்ளவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் இருக்கிற அறைகளைக் குறியுங்கள். அவர்களிடம் எத்தனை நாளைக்கு மருந்து இருக்கிறது என்று முதல் மணி நேரத்திலேயே கேளுங்கள். கடைசி மாத்திரை தீர்ந்த பிறகு தெரிந்து பயனில்லை. உள்ளூர் மருந்துக் கடை பூட்டும் முன் ஆளை அனுப்பலாம். நீங்களாக எந்த மாத்திரையும் கொடுக்காதீர்கள். சமையலறையில் பால், காய்கறி இரண்டும் சேலத்திலிருந்து வருபவை என்பதால், குழந்தைகளுக்கான பாலை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்களுக்குச் சுக்குக் காபியும் மிளகு ரசமும் போதும் என்று சமையல்காரரோடு பேசி முடிவு செய்யுங்கள். மலையில் விளைந்த மிளகுக்கு ஒருபோதும் பஞ்சமில்லை.

இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸைச் சேலத்தில் பிடிக்க வேண்டியவர்கள்தான் அதிகம் பதறுவார்கள். பாதை திறந்திருக்கிற நாளிலேயே அவர்களை வெளிச்சம் இருக்கும்போது இறக்கி, ஜங்ஷனில் காத்திருக்கச் சொல்வது வழக்கமாக இருக்க வேண்டும். அடைபட்ட நாளிலோ, டிக்கெட்டை ரத்து செய்யும் நேர வரம்பு கடப்பதற்குள் அவர்களுக்குச் செய்தி போயாக வேண்டும். பலருக்கு அந்தப் பணம் அறை வாடகையைவிடப் பெரிது.

மின்சாரம் போனால் அட்டை இயந்திரமும் யுபிஐயும் நின்றுவிடும். காகிதத்தில் கணக்கு எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தியை அறைகளுக்குக் கொடுக்க வேண்டாம், டார்ச் கொடுங்கள்.

கூச்சல் போடுகிறவரிடம் நின்றுகொண்டு பதில் சொல்லாமல், அவரை உட்கார வைத்து நீங்களும் உட்காருங்கள். வானிலைக்கு நீங்கள் பொறுப்பல்ல என்று வாதாட வேண்டாம், அது அவருக்கும் தெரியும். அவர் போக வேண்டிய இடம் எது, அங்கே யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுநாள் ஒரு கல்யாணமோ காரியமோ இருக்கும்.

உங்கள் போக்குவரத்து

வேலைக்குச் சேரும்போதே, பாதை அடைபட்டால் ஊழியர் படுக்க இடமும் சாப்பாடும் உண்டா, மாற்று ஆள் வராத ஷிப்டுக்குக் கூடுதல் சம்பளம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காதவர்கள்தான் பிறகு நாற்காலியில் தூங்குகிறார்கள். சேலத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்கள் பனிக்காலத்தில் இருசக்கர வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் வருவது நல்லது. நாகலூர், வாழவந்தி போன்ற சுற்றுக் கிராமங்களிலிருந்து நடந்து வருகிறவர்கள் இரவு ஷிப்ட் முடிந்ததும் கிளம்பாமல், விடிந்து கொஞ்சம் பனி விலகிய பிறகே போக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு மேலாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள். விடுதியிலேயே ஒரு பையில் மாற்றுத் துணி, கம்பளிச் சட்டை, சொந்த மருந்து, கைபேசிக்கான பவர் பேங்க் ஆகியவற்றை நிரந்தரமாக வைத்திருங்கள்.

மாற்று ஆள் வராமல் இரண்டாவது ஷிப்டும் உங்கள் மீது விழுந்தால், இரவு பதினொன்றிலிருந்து நான்குவரை ரூம் பாயோடு முறை வைத்துத் தூங்குங்கள். தூங்கப் போகும் முன், எந்த அறையில் யார் இருக்கிறார்கள், யாருக்கு எத்தனை மணிக்குத் தகவல் சொல்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள், பாதையைப் பற்றிக் கடைசியாக யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார் ஆகிய மூன்றையும் லாக் புக்கில் எழுதி, விழித்திருப்பவரிடம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடுங்கள்.